தோற்றவருக்குத் தண்ணீர்

அவர் வீட்டுப் போட்டிகளில் தோற்றவர் தண்ணீர் குடிக்க வேண்டும். ஜெயித்தவருக்குத்தான் பீர்.

நான் பார்த்த மற்ற இடங்களில் எல்லாம் இது நேர்மாறாக இருக்கும். தோற்றவனுக்கு ஊற்றுவார்கள். அவன் இன்னும் தோற்பான், இன்னும் ஊற்றுவார்கள், கடைசியில் அவனை ஆட்டோவில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். முதல் தடவை போனபோது, "என்னங்க, ரூலைத் தலைகீழா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டே சொன்னார்.

"தோத்தவனுக்கே ஊத்துனா அவன் திரும்பத் திரும்பத் தோப்பானுங்க. அதுல போட்டி எங்கீங்க இருக்குது? ஜெயிக்கறவனுக்கு ஊத்துங்க. நாலு ஆட்டத்துல அவன் கை தடுமாறும். அப்ப இன்னொருத்தன் ஜெயிப்பான். எல்லாருக்கும் ஒரு சுத்து வருமில்லீங்க?"

அப்படித்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு முடியும்போது அங்கே எல்லோரும் ஒரே அளவு சிவந்திருப்பார்கள். கழிப்பறை வாசலில் மட்டும் எப்போதும் ஒரு வரிசை நிற்கும்.

நாங்கள் இருவரும் மைசூர் ஹெப்பாளில் ஒரே கம்பெனி. நான் ஸ்டோர்ஸ். அவர் மெயின்டெனன்ஸ்; மோட்டார், ஃபேன், கிரைண்டிங் சக்கரம் எல்லாவற்றையும் சுற்றவிட்டு எந்தப் பக்கம் கனம் கூடுதல் என்று பார்த்துச் சரிசெய்கிற பேலன்சிங் வேலை. குள்ளமான ஆள். காது மடலில் முடி. சட்டைப் பையில் ஒரு டெஸ்டரும் ஒரு விசிலும் எப்போதும் இருக்கும். குரல் அவ்வளவு மெது என்பதால்தான் விசில் என்று நினைக்கிறேன். சொந்த ஊர் கொள்ளேகால் பக்கம் ஹனூர். மனைவி அங்கே நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் கம்பெனிக்குப் பக்கத்துத் தெருவில் முதல் மாடியில் தனியாக இருந்தார். மாதத்தில் இரண்டு ஞாயிறு ஊருக்குப் போவார். மீதி இரண்டில் ஒன்றில் போட்டி.

உள்ளே நுழைந்ததும் வண்டிச் சாவியை அரிசி டப்பாவில் போட்டுவிட வேண்டும். சாயங்காலம் அவர் முகத்தைப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுப்பார். பெரும்பாலும் கொடுக்க மாட்டார், ஆட்டோவுக்குப் போன் செய்வார். குழந்தைகளை அழைத்து வரக் கூடாது. குடிக்காதவர்களுக்கு மோர், நன்னாரி சர்பத்; எதைக் குடித்தாலும் பாயின்ட் ஒன்றுதான். ஒருவர் வேண்டாம் என்றால் இரண்டாம் தடவை கேட்கக் கூடாது. கேட்டவர் அந்த ஆட்டத்திலிருந்து வெளியே. இதையெல்லாம் கம்பெனி அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து மார்க்கரில் எழுதி சுவரில் சாய்த்து வைத்திருப்பார். எழுதாத விதி ஒன்று இருந்தது. அதுதான் அவருக்கு முக்கியம்.

"எங்கூட்டுல யாரும் சும்னே உக்காரக் கூடாதுங்க."

சும்மாவுக்கும் கன்னட சும்மனேவுக்கும் நடுவில் ஒரு சும்னே. மைசூரில் எங்கள் எல்லோருடைய தமிழும் அப்படித்தான்.

என் நண்பன் முருகேசன் எங்கள் கம்பெனியிலேயே பிரஸ் ஷாப்பில், தகடு அடிக்கிற பிரிவில் இருந்தான். அவன் மனைவி நாலு பேர் முன்னால் வாயைத் திறக்காத பெண். முதல் போட்டிக்கு வந்தபோது நேராகச் சமையலறைக்குப் போய், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு யாரும் கேட்காமலே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் போய் அவளிடம் ஒரு ஸ்டாப்வாட்சைக் கொடுத்தார். "அம்மிணி, எனக்குக் கண்ணு சரியாத் தெரிய மாட்டேங்குது. முப்பது செகண்டு ஆனா ஒரு சத்தம் குடுங்க, போதும்." அவருக்குக் கண் நன்றாகவே தெரியும், அரை கிராம் கனத்தைக் கண்டுபிடிக்கிற ஆள். முதல் மாதம் அவள் "ஆச்சுங்க" என்று முனகினாள். மூன்றாம் மாதம் ஹாலின் நடுவில் நின்று தன் புருஷனைப் பார்த்து, "டைம்! கைய எடு!" என்று கத்தினாள். முருகேசன் பயந்து டம்ளரைக் கீழே போட்டுவிட்டான்.

இன்னொரு நாள் கீழ் வீட்டுக்காரர், அதாவது வீட்டு ஓனர், சத்தம் தாங்காமல் மேலே ஏறி வந்தார். ரிட்டையரான கணக்கு வாத்தியார். கன்னடக்காரர். "ஏன்ரீ இது கலாட்டே?" என்று கதவில் நின்று கேட்டதும் எங்களுக்குக் குடித்தது இறங்கிவிட்டது. இவர் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "பன்னி சார். நமகே ஒப்பரு ஜட்ஜ் பேக்கித்து." வாருங்கள், எங்களுக்கு ஒரு ஜட்ஜ்தான் தேவைப்பட்டது என்று. அடுத்த மாதத்திலிருந்து அந்த மனிதர் முதல் ஆளாக, சொந்த நாற்காலியோடு வந்தார். தீப்பெட்டியைச் சுண்டி நிற்கவைக்கிற ஆட்டத்தில் பெட்டி படுத்ததா, சாய்ந்ததா என்று தரையோடு கன்னத்தை வைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்.

இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அவர் வருவதற்கு முன்பு அந்தக் கூட்டத்தில் நான்தான் எல்லாம். ஐந்து குடும்பம், மாதம் ஒரு ஞாயிறு, யாராவது ஒருவர் வீடு. சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். நான் பழைய மேனேஜரைப் போல் பேசிக் காட்டுவேன். ரயிலில் கழிப்பறைக் கதவு திறக்காமல் பங்காரப்பேட்டை வரை போன கதையைச் சொல்வேன். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள். அது என் ஊருக்கு வெளியே எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை.

அவர் வீட்டில் முதல் நாள் நான் அதே ரயில் கதையை ஆரம்பித்தேன். அவர் மிக மரியாதையாக விசிலை எடுத்து ஊதினார்.

"உங்க கதைக்கு ரெண்டு நிமிசமுங்க. அப்பறமேலு இவங்க ஒண்ணு சொல்லட்டும்."

ரெண்டு நிமிஷம். கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடவே எனக்கு ஐந்து நிமிஷம் ஆகும். கதை பங்காரப்பேட்டைக்கு வெகு முன்னாலேயே, கிருஷ்ணராஜபுரத்தோடு நின்றது. அடுத்து முருகேசன் ஏதோ மொக்கையாக ஒன்று சொன்னான், அதற்கும் அதே கைதட்டல்.

நானும் ஒரு தடவை நடத்திப் பார்த்தேன். எங்கள் கல்யாண நாளுக்கு. விசில் வாங்கினேன். அட்டையில் விதி எழுதினேன். அவர் செய்கிற எல்லாவற்றையும் செய்தேன். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்தையும் விளக்கிச் சொல்லவே எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது, கடைசியில் நான் நடத்திய போட்டியில் நானே ஜெயித்தேன். எல்லோரும் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் கடைசிவரை உட்கார்ந்து எல்லா ஆட்டத்திலும் தோற்று, தண்ணீர் குடித்து, "நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை அன்றைக்கு வெறுத்ததுபோல் நான் யாரையும் வெறுத்ததில்லை.

இப்போது கோமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவி. கொள்ளேகால் பெண். நான் திருவண்ணாமலைப் பக்கம். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் பேச்சை நான் கிண்டல் செய்தேன் போலிருக்கிறது. நாளாவட்டத்தில் அவள் என்னைப் போலவே பேசக் கற்றுக்கொண்டாள். அவர் வீட்டில் கால் வைத்த முதல் நாள், அவர் "வாங்க, உக்காருங்" என்றதும், இவள் வாயிலிருந்து, "இருக்கட்டுமுங்க, அப்பறமேலு உக்காந்துக்கறேன்" என்று வந்தது. பதினொரு வருஷத்தில் நான் கேட்காத குரல். பூட்டி வைத்திருந்த அறையிலிருந்து யாரோ பேசினதுபோல் இருந்தது எனக்கு.

அன்றைய ஆட்டத்தில் டம்ளர்களை முக்கோணமாக அடுக்கி, பத்தடி தள்ளி நின்று பிங்பாங் பந்தைப் போட வேண்டும். ஆண்கள் எல்லோரும் குறி பார்த்து, மூச்சைப் பிடித்து, வெளியே போட்டார்கள். கோமதி புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆறில் ஐந்து போட்டாள். ஜெயித்ததற்கு ஒயின் தரலாமா, சர்பத்தா என்று அவர் கேட்டார். ஒரே தடவைதான் கேட்டார். கோமதி என்னைப் பார்க்கவில்லை. "ஒயின் எப்படி இருக்கும்னு பாக்கறனுங்க" என்றாள். ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்து, பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். என் கதைகளுக்கு அவள் சிரித்திருக்கிறாள். உதட்டால். இது அந்தச் சிரிப்பு இல்லை.

அதற்கு அடுத்த மாதம் புருஷன் பெண்டாட்டி ஆட்டம். ஏழு கேள்வி. தன்னைப் பற்றியும் மற்றவரைப் பற்றியும் இருவரும் சீட்டில் எழுத வேண்டும். கோமதிக்குப் பிடித்த காய் என்ன என்பதற்கு நான் கத்தரிக்காய் என்று எழுதினேன். அவள் அவரைக்காய் என்று எழுதியிருந்தாள். "கத்தரிக்கா உங்களுக்குப் பிடிக்கும்னு செய்யறதுங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். அவளுக்கு எதற்குப் பயம்? நான் பல்லி. அவள் லிஃப்ட். பள்ளிக்கூடத்தில் என்ன விளையாட்டு? நான் எதுவுமில்லை என்று எழுதினேன். அவள் த்ரோபால், ஸ்கூல் டீம் கேப்டன். வீட்டு ஓனர் வாத்தியார் ஒவ்வொரு சீட்டாகப் படித்து, என்னை மார்க் குறைந்த பையனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஏழும் தப்பு. ஏழு டம்ளர் தண்ணீர். என்னைப் பற்றி அவள் எழுதிய ஏழும் சரி. ஏழு வாய் ஒயின்.

வீட்டுக்குப் போகும் வழியில் பெட்ரோல் பங்க் ஒன்றில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"த்ரோபால் கேள்விய வேணும்னேதான வெச்சாரு? அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நான் பந்து போடறதப் பாத்துட்டுக் கேட்டாருங்க. போன மாசம்."

"நீ எங்கிட்டச் சொல்லவே இல்ல."

கோமதி சிரிப்பை நிறுத்தினாள். "தினமும் மூணாவது மாடியில இருந்து வண்டிச் சாவியப் போடச் சொல்றீங்க. கீழ நின்னு கைய நீட்டறீங்க. ஒரு நாளாவது உங்க கையத் தாண்டி விழுந்திருக்கா? நீங்க கேட்டிருக்கலாமே."

பதில் இல்லாத கோபம் எங்காவது போயாக வேண்டும். அது திங்கட்கிழமை டீ நேரத்தில் முருகேசனிடம் போயிற்று.

"பொண்டாட்டிய ஊருல விட்டுட்டு, அடுத்தவன் பொண்டாட்டிக்கு ஊத்திக் குடுத்து வேடிக்கை பாக்கறான்" என்றேன்.

முருகேசன் டீயில் நனைத்த பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது. அவன் கவனிக்கவில்லை. "அப்படியா சொல்றே?" என்றான்.

"நான் எதுவும் சொல்லல. கண்ணு இருந்தா பாத்துக்க."

சொல்லும்போது நாக்கில் ஒரு ருசி இருந்தது. பொய் சொல்லி என்ன பயன்? இருந்தது.

அடுத்த போட்டிக்குப் பெண்கள் யாரும் வரவில்லை. கோமதியிடம் இந்த மாதம் ஆண்களுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டேன். நான், முருகேசன், இன்னும் இரண்டு பேர். அவர் வழக்கம்போல் டம்ளர்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். முருகேசன் மனைவிக்காக நன்னாரி சர்பத் புது பாட்டில். ஸ்டாப்வாட்ச் ஒரு நாற்காலி மேல்.

"வூட்ல வரலீங்களா?" என்று எல்லோரிடமும் கேட்டார்.

முருகேசன் சுவரைப் பார்த்தான். "புள்ளைங்களுக்குப் பரீட்சை" என்று நான்தான் சொன்னேன். என் மகன் அப்போது ஒண்ணாங்கிளாஸ்.

அன்று ஆட்டம் கூடவில்லை. இரண்டு சுற்று முடிந்ததும் முருகேசன், "தண்ணி குடிக்கறதுக்கா இங்க வந்தோம், தோத்தவனுக்கு ஊத்துங்க" என்றான். அவர் மறுத்துப் பேசவில்லை. ஊற்றினார். வாத்தியார் அரை மணி நேரம் பார்த்துவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டார். மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் முருகேசன் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தான். அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். பிறகு பேசினைக் கழுவினார், டம்ளர்களைக் கழுவினார், யாரும் தொடாதவற்றையும் சேர்த்துக் கழுவினார். எப்போதும் எல்லாம் முடிந்த பிறகு மொட்டை மாடிச் சுவரில் உட்கார்ந்து ஒரே ஒரு டம்ளர் பீர் குடிப்பார். அன்று அதுவும் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவரிடமிருந்து அழைப்பு வரவில்லை. அடுத்த மாதம் என் வீட்டில் கூடினார்கள். நான் ரயில் கதையைப் பங்காரப்பேட்டை வரை சொன்னேன். யாரும் விசில் ஊதவில்லை. கோமதி சமையலறையிலிருந்து வெளியே வரவே இல்லை.

அவளுக்கு விஷயம் தெரிந்தது அக்ரஹாரத்துக் கோயிலில். முருகேசன் மனைவியைப் பார்த்திருக்கிறாள். ஸ்டாப்வாட்ச் பிடித்துப் பழகிய அந்தப் பெண் இப்போது எதையும் மறைக்காமல் பேசுகிறவளாக ஆகியிருந்தாள். கோமதி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள்.

"எனக்கு ஊத்திக் குடுத்தாருன்னு சொன்னீங்களா?"

நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன்.

"ஒயின் நான் கேட்டு வாங்கிக் குடிச்சேன். ஏழு வாயும் நான் ஜெயிச்சது. அதப் போயி..." மேலே சொல்லாமல் நிறுத்தினாள். பிறகு, "அவரப் பத்தி மட்டுமில்லீங்க, நீங்க என்னப் பத்தியும் சொல்லியிருக்கீங்க. தெரியுதா?" என்றாள்.

அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

அவள் அழவில்லை. மறுநாள் காலையில் தேதி குறித்துவிட்டாள். "வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுல போட்டி. நான் நடத்தறேன். எல்லாக் குடும்பமும் வரணும். அவரு சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லி நீங்க போயி அழைக்கணும். வந்ததுக்கு அப்புறம், நீங்க சொன்னத நீங்களே அவருகிட்டச் சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன்."

கம்பெனியில் போய் அழைத்தேன். அவர் ஒரு ஃபேனைச் சுற்றவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்திவிட்டு, "நெசமாவா? அவளுக்கு ரொம்ப ஆசைங்க இதெல்லாம் பாக்கோணும்னு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ஊரில் விடப்பட்ட பெண்டாட்டி என்று நான் மனதில் போட்டு வைத்திருந்த படம் வேறு. வந்தவர் அவரைவிட ஒரு சாண் உயரம். டிராக்டர் ஓட்டிக் காய்த்த கை. மூட்டை நிறைய வேர்க்கடலையைத் தானே தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்து, "எங்கீங்க வெக்கோணும்?" என்றார். பீர் கேட்டார். எல்லா ஆட்டத்திலும் தோற்றார். தண்ணீர் டம்ளரைப் பார்க்கும்போதெல்லாம், "அடப் பாவத்தே, மறுபடியும் தண்ணியா!" என்று சிரித்தார். கோமதி பிரமாதமாக நடத்தினாள். விசிலை அவரிடமே கொடுத்து நடுவராக வைத்தாள். ஸ்டாப்வாட்ச் முருகேசன் மனைவியிடம்.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

கதை சுற்று வந்தது. அவர் மனைவி என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் கதை சொல்றவருங்களா? இவரு உங்களப் பத்தித்தான் எப்பப் பாத்தாலும் பேசுவாரு. அந்த மனுசன் வாயத் தொறந்தா மத்தவங்க எல்லாரும் அவரையே பாத்துட்டு உக்காந்துருவாங்க, அதனாலதான் ரெண்டு நிமிசம் வெச்சேன்னு சொல்லுவாரு. சொல்லுங்க, கேக்கலாம்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

ஆரம்பித்தேன். ரயில் கதை இல்லை. ஸ்டோர்ஸில் தணிக்கைக்கு வந்த அதிகாரி எடை மேடையில் ஏறி நின்ற கதை. புதிதாக அந்த நிமிஷத்தில் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா முதல் வரிக்கே சிரித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பக்கத்தில் இருந்த கோமதியின் தொடையில் அடித்தார். "ஐயோ போதுமுங்க, வகுறு வலிக்குது" என்று கும்பிட்டார். நான் அந்த அம்மாவைப் பார்த்தே சொன்னேன். அவர் சிரிப்பு நிற்கும் இடம் பார்த்து அடுத்ததை எடுத்துப் போட்டேன்.

விசில் ஒலித்தது.

"டைமுங்க" என்றார் அவர்.

"இன்னும் நாப்பது செகண்டு இருக்குதுங்க" என்றாள் முருகேசன் மனைவி, கையில் இருந்த கடிகாரத்தைக் காட்டி.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள், அவர் விளையாட்டுக்குச் செய்தார் என்று. வாத்தியார்கூடச் சிரித்தார். நான் மட்டும் அவர் முகத்தைப் பார்த்தேன். மூக்கு நுனி வெளுத்திருந்தது. மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு விசிலைப் பார்த்தார், அது யாருடையது என்று தெரியாததுபோல். அந்த முகம் எனக்குத் தெரியும். ஆறு மாதமாகக் கண்ணாடியில் பார்க்கிற முகம்.

எனக்கு மனசு குளிர்ந்தது. அதையும் ஒளிக்க மாட்டேன். மீதி நாற்பது செகண்டையும் எடுத்துக்கொண்டேன். ஒரு செகண்டுகூட விடவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர்களை சிட்டி பஸ் நிறுத்தம் வரை கொண்டுவிடப் போனோம். பெண்கள் இருவரும் பேசிக்கொண்டே பின்னால் வந்தார்கள். கோமதி வேண்டுமென்றே நடையைக் குறைக்கிறாள் என்று தெரிந்தது. நிறுத்தத்துக்குப் பத்தடி இருக்கும்போது சொன்னேன்.

"உங்களப் பத்தி அந்தப் பேச்சக் கிளப்பினது நான்தான். மன்னிச்சிடுங்க."

அவர் நின்றார். "எந்தப் பேச்சுங்க?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. கம்பெனி முழுக்கச் சுற்றிய பேச்சு, கேண்டீன்வரை போன பேச்சு, அவர் காதுக்கு மட்டும் யாரும் கொண்டுபோகவில்லை.

"பொம்பளைங்க எல்லாம் வராம நின்னது..." என்றேன்.

"அதுங்களா? அவங்களுக்கு அலுத்துப் போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க. எத்தன நாளைக்கு ஒரே தீப்பெட்டி, ஒரே பந்து. புதுசா ஏதாச்சும் யோசிக்கோணும்னுதான் நிறுத்தி வெச்சிருந்தேன்."

அந்த இடத்தில் "ஒண்ணுமில்லை" என்று சொல்லியிருக்கலாம். கோமதியின் சிரிப்பு பின்னால் கேட்டது, கிட்டே வந்துகொண்டிருந்தது. நான் சொன்ன வாக்கியத்தை, முருகேசனிடம் சொன்ன அதே வார்த்தைகளில், அவர் முகத்துக்கு நேரே திரும்பச் சொன்னேன். டீ நேரத்தில் மூன்று விநாடியில் சொன்னது இப்போது சொல்லி முடிக்க நெடுநேரம் ஆயிற்று.

அவர் நெற்றியில் ஒரு நரம்பு எழுந்தது. அதற்குள் அவர் மனைவி வந்துவிட்டார்.

"என்ன, ரெண்டு பேரும் அப்படி என்ன பேசறீங்க?"

"அடுத்த போட்டி எங்கன்னு கேக்கறாரு" என்றார் அவர்.

"நம்மூர்லதான்! அறுப்பு முடியட்டும். எல்லாரும் வந்துருங்க. அண்ணா, நீங்க கண்டிப்பா வரோணும்" என்றார் அந்த அம்மா. பஸ் வந்தது. அவர் முதலில் ஏறி, கையைக் கொடுத்து மனைவியை ஏற்றிவிட்டார். ஜன்னலில் இருந்து கை காட்டியது அந்த அம்மா மட்டும்தான்.

கம்பெனியில் அதன் பிறகும் அவர் என்னிடம் பேசினார். "இந்த பேரிங் ஸ்டாக் இருக்குதுங்களா?" "இருக்குங்க." "ரெண்டு குடுங்க." அவ்வளவுதான். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. முருகேசனைத் தோளில் கை போட்டுக் கூட்டிப் போவார். அவன்தான் அதை நாலு பேரிடம் பரப்பியவன், அவனை மன்னித்துவிட்டார். சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டு ஹனூருக்கே போய்விட்டார்.

அறுப்பு முடிந்து, சொன்னபடி அந்த அம்மா கோமதிக்குப் போன் செய்து எல்லோரையும் அழைத்தார். கோமதியும் மற்ற குடும்பங்களும் வாத்தியாரும் ஒரு வேன் பிடித்துப் போனார்கள். நான் போகவில்லை. கோமதி வற்புறுத்தவும் இல்லை. சாயங்காலம் திரும்பி வந்தாள், கால் முழுக்கச் செம்மண், முகம் வெயிலில் கறுத்து. களத்து மேட்டில் டம்ளர் அடுக்கினார்களாம். புதிதாக நாலு ஆட்டம் யோசித்து வைத்திருந்தாராம். வாத்தியார் டிராக்டர்மேல் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னாராம். சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் எவ்வளவு அடக்கியும் முடியாமல் கேட்டுவிட்டேன்.

"என்னப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

"அவரு கேக்கல. அவங்க சம்சாரம்தான், கதை சொல்ற அண்ணன் ஏன் வரலன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நான் சொல்றதுக்குள்ள அவரே சொல்லிட்டாரு. வேலை இருந்திருக்கும்னு."

அன்று ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஒரு வேலையும் இல்லை.